எஸ்பி 525: ஜூலையில் 23 டாலர் ஆனதும் எங்கள் கவுண்டி சம்பள அட்டவணையில் ஐந்து ஸ்டெப்பும் ஒன்றாகிவிடும். என்ன செய்யலாம்?

வள்ளி_சம்பளப்பிரிவு:

எல்லோருக்கும் வணக்கம். நான் கலிபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மனிதவளத் துறையில் இருக்கிறேன். பதவிகளை வகைப்படுத்துவது, சம்பள அட்டவணை போடுவதுதான் வேலை. இங்கே கவுண்டி வேலையில் இருப்பவர்கள், மருத்துவமனையில் இருப்பவர்கள், யூனியன்காரர்கள் எல்லோரும் வருவதால் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். 2023 அக்டோபரில் கவர்னர் நியூசம் கையெழுத்திட்ட எஸ்பி 525 என்ற மாநிலச் சட்டம், மருத்துவத் துறைக்கு மட்டும் தனியாக ஒரு குறைந்தபட்ச ஊதியம் வைத்தது. இரண்டு மூன்று முறை தள்ளிப்போய்க் கடைசியில் 2024 அக்டோபர் 16-ல்தான் மாநிலத்தில் அமலுக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே தொகை கிடையாது. 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டி, அதாவது லாஸ் ஏஞ்சலஸ் மட்டும், பெரிய மருத்துவமனைக் குழுமங்களோடு மேல் வரிசையில் 23 டாலரில் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்குக் கீழே உள்ள சின்னக் கவுண்டிகள் 18-ல் தொடங்கி வருஷம் 3.5 சதவீதமாக ஏறி 2033-ல்தான் 25-ஐத் தொடும். நாங்கள் இரண்டுக்கும் நடுவில். இப்போது மணிக்கு 21, வரும் 2026 ஜூலை 1 முதல் 23, 2028 ஜூலை 1 முதல் 25.

இனி என் தலைவலி. எங்கள் மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் பதவிக்கு ஐந்து ஸ்டெப், அதாவது வேலை பார்த்த வருஷம் கூடக்கூட ஏறும் சம்பளப் படிகள். ஒவ்வொன்றுக்கும் 5 சதவீத இடைவெளி. பழைய அட்டவணையில் 18.40, 19.32, 20.29, 21.30, 22.37. 21 வந்தபோது, நேரம் இல்லை என்று முதல் மூன்று ஸ்டெப்பையும் 21 ஆக்கிவிட்டு மேலே இரண்டைத் தொடாமல் விட்டார்கள். அப்போது நான் இந்தப் பிரிவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த அவசரத்தில் வேறு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஜூலையில் இந்த ஐந்துமே 23-க்குக் கீழே. அப்படியே ஒட்டுப்போட்டால் ஐந்து ஸ்டெப்பும் 23. நேற்றுச் சேர்ந்தவருக்கும் ஐந்தாவது ஸ்டெப்பில் பல வருஷமாக நிற்பவருக்கும் ஒரே சம்பளம். அவர்களுக்கு மேலே, குழுவை வழிநடத்தும் லீட் பதவி பழைய அட்டவணையில் 10 சதவீதம் கூடுதல்: 20.24, 21.25, 22.31, 23.43, 24.60. அதிலும் முதல் மூன்று ஸ்டெப் 23-க்குள் மூழ்கிவிடும். பொறுப்பு மட்டும் கூடுதல், காசு ஒன்றுதான்.

சட்டம் அடித்தளத்தை மட்டும்தான் சொல்கிறது, மேலே உள்ளவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சட்டம் கேட்டதை மட்டும் செய்தால் போதும் என்று மேலிடம் நினைக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டாவது சிக்கல், அலுவலக உதவியாளர் பதவி. கவுண்டி முழுக்க ஒரே பதவிப் பெயர், ஒரே ரேஞ்ச். மருத்துவமனையில் நோயாளி பதிவு செய்பவருக்கும் சொத்துவரி மதிப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவருக்கும் ஒரே அட்டவணை. முதலாமவருக்குச் சட்டம் பொருந்தும், இரண்டாமவருக்குப் பொருந்தாது. பதவியை இரண்டாக வெட்டுவதா, எல்லோரையும் ஏற்றுவதா?

இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_பட்ஜெட்காரர்:

தங்கச்சி, நான் வேறொரு கவுண்டியில் பட்ஜெட் பிரிவில் 20 வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். எஸ்பி 525-ஐ நான் கையாளவில்லை. ஆனால் மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் 10-லிருந்து 15 வரை வருஷா வருஷம் ஏறிய காலத்தில் இதே கூத்தை நூலக உதவியாளர், பூங்காப் பணியாளர் பதவிகளில் பார்த்தேன். ஒவ்வொரு ஜனவரியும் ஒட்டுப் போட்டோம். நாலு வருஷத்தில் அட்டவணையைப் பார்த்தால் எந்த ரேஞ்சுக்கு என்ன காரணம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் நான் முதலில் சொல்வது, ஜூலைக்கு மட்டும் கணக்குப் போடாதே, 2028-ஐயும் சேர்த்துப் போடு.

23-ல் தொடங்கி 5 சதவீத இடைவெளி வைத்தால் 23, 24.15, 25.36, 26.63, 27.96. ஐந்தாவது ஸ்டெப்பில் இருப்பவருக்கு, வெறும் 23 கொடுப்பதைவிட மணிக்கு 4.96 கூடுதல். 2080 மணி நேரத்துக்கு வருஷம் ஏறத்தாழ 10,300 டாலர், ஒரு ஆளுக்கு. அதன்மேல் ஓய்வூதியப் பங்கு, மெடிகேர் வரி, ஓவர்டைம், இரவு ஷிப்ட் கூடுதல் எல்லாம் இதே அடிப்படையில் ஏறும். நூறு பேர் என்றால் பத்து லட்சம் டாலருக்கு மேல். இதைக் கேட்டதும் பட்ஜெட் பிரிவு உன்னை அறைக்குள்ளேயே விடாது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. கவுண்டி மருத்துவமனைக்கு வருமானம் பெரும்பாலும் மெடிகால்தான் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டுக்கு கலிபோர்னியாவில் உள்ள பெயர்), போன 2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டத்தால் மெடிகெய்ட் பணம் குறையப்போகிறது என்ற பயம் எல்லாக் கவுண்டியிலும் இருக்கிறது.

அதனால் இடைவெளியை 2.5 சதவீதமாகக் குறைத்து வை. 23, 23.58, 24.16, 24.77, 25.39. மேலே இருப்பவருக்கு வருஷம் 5,000 டாலர் அளவுதான் கூடும். வருஷங்களுக்கு மரியாதையும் இருக்கும், கஜானாவும் தாங்கும். லீட், சூப்பர்வைசர் பதவிகளை டாலரில் எழுதாதே, கீழ்ப் பதவிக்கு மேலே இத்தனை சதவீதம் என்று எழுதி வை. கீழே ஏறினால் மேலே தானாக ஏறும்.

இன்னொன்று, மாதச் சம்பளக்காரர்களை மறந்துவிடாதே. ஓவர்டைம் இல்லாத பதவி என்று வைத்திருக்க வேண்டுமானால் மருத்துவக் குறைந்தபட்சத்தில் 150 சதவீதம் அல்லது மாநிலக் குறைந்தபட்சத்தில் 200 சதவீதம், எது அதிகமோ அது கொடுக்க வேண்டும். மாநில அளவு இந்த வருஷம் 16.90, அதன் இரட்டிப்பு வருஷத்துக்கு 70,304. ஜூலையில் 23 ஆனதும் 150 சதவீதக் கணக்கு 71,760 ஆகி முந்திவிடும். அந்த 1,456 டாலர் வித்தியாசத்தில் விழும் யூனிட் மேனேஜர், பில்லிங் ஆய்வாளர் யாராவது உன் பட்டியலில் இருப்பார்கள். பார்த்துக்கொள்.

இரவுப்பணி:

அக்கா, நான் கணக்குப் போடுகிற ஆள் இல்லை, நீங்கள் சொல்கிற அந்த ஐந்தாவது ஸ்டெப்பில் நிற்கிற ஆள். வேறு கவுண்டி, ஆனால் அதே பதவி. 11 வருஷம் ஆகிறது.

போன வருஷம் எங்கள் வார்டில் ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. முதல் மூன்று வாரம் நான்தான் கூடவே வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டும்போது முதலில் எந்தத் தோளைப் பிடிக்க வேண்டும், சர்க்கரை இறங்கினால் முகம் எப்படி மாறும், மறதி நோய் உள்ள தாத்தா விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்து நின்றால் அவரோடு சண்டை போடாமல் எப்படி உட்காரவைப்பது, இதெல்லாம். ஒரு நாள் இடைவேளையில் அவள் போனில் சம்பளச் சீட்டைத் திறந்து இந்தக் கழிவு என்ன என்று கேட்டாள். மணிக்கூலி கண்ணில் பட்டது. எனக்கும் அவளுக்கும் 40 சென்ட் வித்தியாசம். நான் ஒன்றும் சொல்லவில்லை, கழிவை மட்டும் விளக்கிவிட்டு வந்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து பகலில் தூங்கவே முடியவில்லை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் துணி வெளுக்கும் பிரிவில், சமையலறையில் இருப்பவர்கள் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதில் இரண்டு பேர் இந்தச் சட்டம் வந்தபிறகு இரண்டாவது வேலையை விட்டுவிட்டார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் 11 வருஷத்துக்கு 40 சென்ட் என்றால், இந்த இடத்தில் ஏன் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் ஷிப்டில் பழைய ஆட்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் பகல் வேலையாகப் பார்த்துக்கொண்டார், சம்பளம் ஒன்றுதான் என்றால் இரவில் எதற்கு இங்கே வர வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது சரிதானே?

உங்கள் மேலிடத்துக்கு இதைச் சொல்லுங்கள். எங்கள் வேலை புத்தகத்தைப் பார்த்துக் கற்கிற வேலை இல்லை, பழைய ஆள் பக்கத்தில் நின்றால்தான் புது ஆளுக்கு வரும்.

சங்கத்தில்_இருப்பவன்:

நான் யூனியன் ஸ்டீவர்ட், அதாவது வேலையிடத்தில் யூனியனின் பிரதிநிதி. இரவுப்பணி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வள்ளி அக்காவுக்கு. இதை மனிதவளத் துறை தனியாக முடித்துவிட்டு யூனியனிடம் தாளை நீட்டினால் நடக்காது. உள்ளாட்சி ஊழியர்களுக்காக 1968-லிருந்து இருக்கிற மேயர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டப்படி சம்பளம் என்பது உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம். 23 கொடுப்பதா வேண்டாமா என்று பேச ஒன்றும் இல்லை, அது சட்டம். ஆனால் அதனால் மேலே உள்ள ஸ்டெப்புகளுக்கு என்ன ஆகிறது, லீட் பதவிக்கு இடைவெளி எவ்வளவு, இவை பேச்சுவார்த்தைக்கு வரும். இப்போதே கடிதம் போட்டுக் கூப்பிடுங்கள். ஜூன் கடைசி வாரத்தில் கூப்பிட்டால் நாங்களும் முறுக்கிக்கொண்டுதான் வருவோம்.

பட்ஜெட்காரர் ஐயா சொன்ன 2.5 சதவீதம் எனக்கு உடன்பாடில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்களே 2028-ஐயும் சேர்த்துப் பார் என்றீர்கள். உங்கள் அட்டவணையையே 2028 ஜூலையில் வைத்துப் பாருங்கள். 23, 23.58, 24.16, 24.77 நாலும் 25-க்குக் கீழே, ஐந்தாவது 25.39. அதாவது இரண்டே வருஷத்தில் மேலுக்கும் கீழுக்கும் 39 சென்ட். இரவுப்பணிக்குத் தூக்கம் போன அதே 40 சென்ட். நடுவில் பொது உயர்வு இரண்டு மூன்று சதவீதம் வந்தால் கொஞ்சம் மாறும், அது சரி, ஆனால் அது ஒப்பந்தத்தில் இருந்தால்தான். லீட் பதவியைச் சதவீதத்தில் கட்டச் சொன்னது அருமையான யோசனை. அதே கயிற்றை ஸ்டெப்புகளுக்கும் கட்டுங்கள் என்பதுதான் என் வாதம். முதல் ஸ்டெப் எப்போதும் சட்டத்தின் தொகை, இரண்டாவது அதற்கு மேலே இத்தனை சதவீதம், மூன்றாவது இத்தனை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் 2028-ல் யாரும் புதிதாக அடித்துக்கொள்ள வேண்டாம். சதவீதம் எவ்வளவு என்பதை மேஜையில் பேசிக்கொள்வோம். 5 முடியாது என்றால் 3, 3.5 என்று எங்கேயாவது வந்து நிற்கும்.

அலுவலக உதவியாளர் விஷயம். எங்கள் கவுண்டியில் பதவியை வெட்டினார்கள். மருத்துவப் பதிவு உதவியாளர் என்று தனிப் பெயர் வைத்தார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, பொதுத்துறையில் முதன்மைக் கடமை மருத்துவச் சேவை இல்லை என்றால் இது பொருந்தாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் மருத்துவச் சேவை என்பதற்கு அதே சட்டம் கொடுக்கும் விளக்கம் ரொம்ப அகலம். துப்புரவு, காவல், சமையல், துணி வெளுப்பு, பில்லிங், தொலைபேசி எடுப்பது, கிடங்கு, அப்பாயின்ட்மென்ட் போடுவது, தோட்ட வேலைகூட. நோயாளிப் பராமரிப்புக்கு நேராகவோ மறைமுகமாகவோ உதவினால் போதும். கவுண்டிச் சிறையில் இருக்கும் மருத்துவப் பிரிவும் உள்ளே வரும், மனநலப் பிரிவும் வரும். எங்கள் கவுண்டி முதல் பட்டியலில் சிறை மருத்துவப் பிரிவின் குமாஸ்தாக்களை விட்டுவிட்டது. நாங்கள் புகார் போட்டபிறகுதான் சேர்த்தார்கள், பாக்கிச் சம்பளத்தோடு. அதனால் பதவிப் பெயரை வைத்துப் பட்டியல் போடாதீர்கள், ஒவ்வொரு இடமாக, அந்த நாற்காலியில் இருப்பவர் காலையிலிருந்து மாலைவரை என்ன செய்கிறார் என்று பார்த்துப் போடுங்கள்.

வெட்டியதால் ஒரு பாதகமும் உண்டு. முன்பு வரி அலுவலகத்திலிருந்து மருத்துவமனைக்கு, மருத்துவமனையிலிருந்து நூலகத்துக்கு என்று மாற்றல் சுலபம். இப்போது மருத்துவமனைக் குமாஸ்தா வெளியே வந்தால் சம்பளம் குறையும், அதனால் யாரும் வெளியே வருவதில்லை, வெளியே இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே வர விண்ணப்பம் போடுகிறார்கள். வரி அலுவலகத்தில் இடம் காலி. என்னைக் கேட்டால் எல்லோரையும் ஏற்றுவதே நல்லது, ஆனால் நான் அப்படித்தான் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய_பட்ஜெட்காரர்:

தம்பி, 39 சென்ட் கணக்கு சரி. அதை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சதவீதத்தைச் சட்டத்தின் தொகையோடு கட்டுவதையும் ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. 25 வந்தபிறகு இந்தத் தொகை நிற்காது, விலைவாசியைப் பார்த்து வருஷத்துக்கு 3.5 சதவீதம் வரை அதுவே ஏறும்படி சட்டத்தில் இருக்கிறது. கயிறு கட்டிவிட்டால் அந்த ஏற்றமும் மேலே முழுக்கப் போகும், அதோடு நீங்கள் பொது உயர்வும் தனியாகக் கேட்டால் இரட்டிப்பாகிவிடும். இரண்டில் எது அதிகமோ அது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், பட்ஜெட் ஆட்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

தங்கச்சி, தேதியைக் கவனி. உங்கள் கவுண்டியில் சம்பளத்தை ஆர்டினன்ஸ் (கவுண்டியின் உள்ளூர்ச் சட்டம்) போட்டு மாற்றுகிறார்களா, தீர்மானமா? ஆர்டினன்ஸ் என்றால் ஒரு கூட்டத்தில் அறிமுகம், அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றம், அதற்கப்புறம் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமல். ஜூலை 1-லிருந்து பின்னோக்கி எண்ணினால் மே நடுவிலேயே முதல் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். யூனியன் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் ஆர்டினன்ஸுக்கு விலக்கு உண்டு, அது உடனே அமலாகும், ஆனால் அதற்கு முதலில் ஒப்பந்தம் கையில் வேண்டும். கால்பெர்ஸ் என்ற மாநில அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பில் இருக்கும் கவுண்டி என்றால் புது அட்டவணையைப் பொதுக் கூட்டத்தில் அங்கீகரித்து வெளியிலும் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒருவர் ஓய்வு பெறும்போது எந்தச் சம்பளத்தை எடுப்பது என்று சிக்கல் வரும். நான் பார்த்திருக்கிறேன், 28 வருஷம் வேலை பார்த்த ஒரு அம்மாள் எட்டு மாதம் அலைந்தார்.

வள்ளி_சம்பளப்பிரிவு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்து மூன்று கணக்கும் போட்டேன். வெறும் ஒட்டு, 2.5 சதவீதம், 3.5 சதவீதம். 3.5 என்றால் 23, 23.81, 24.64, 25.50, 26.39. இதையே 25-க்கு இழுத்தால் 25, 25.88, 26.78, 27.72, 28.69. மேலுக்கும் கீழுக்கும் மூன்று டாலருக்கு மேல் இடைவெளி நிற்கிறது. செலவு 5 சதவீதத்தைவிட நன்றாகக் குறைகிறது. இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

இன்று காலை மேலதிகாரியிடம் காட்டினேன். முதலில் தாளைத் தள்ளி வைத்துவிட்டார். இரவுப்பணி எழுதியதைப் பெயர், ஊர் இல்லாமல் மொழிபெயர்த்து அச்செடுத்துக் கடைசிப் பக்கமாக வைத்திருந்தேன், தம்பி, கேட்காமல் செய்தேன், மன்னிக்கவும். அதைப் படித்துவிட்டு, நம் மருத்துவமனையில் போன வருஷம் இந்தப் பதவியில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், ஒவ்வொரு இடத்தையும் நிரப்பும்வரை வெளி ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எடுத்து வரச் சொன்னார். ஒட்டுப் போட்டதில் மிச்சமான பணம் அங்கேதான் போயிருக்கும் என்று எனக்கும் சந்தேகம். எண் கையில் வந்தபிறகு பேசுகிறேன்.

சிறை மருத்துவப் பிரிவைப் பார்த்தேன். எங்கள் பட்டியலிலும் இல்லை. அங்கே பதிவேடு பார்ப்பவர்கள் நான்கு பேர், இப்போதும் 20-க்குக் கீழே வாங்குகிறார்கள். சட்டப் பிரிவுக்கு மதியமே எழுதிவிட்டேன்.

யூனியனுக்குக் கடிதம் நாளை போகிறது. ஆர்டினன்ஸ்தான் எங்களுக்கு, ஐயா. மே இரண்டாவது செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இடம் கேட்டிருக்கிறேன்.

இரவுப்பணி:

மன்னிப்பெல்லாம் எதற்கு அக்கா. அந்த நாலு பேருக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் இங்கே வந்து சொல்லுங்கள்.